சிறு குழந்தைகளும் தேடிக் கற்றலும்: ஆசிரியர் எப்போது பேச வேண்டும், எப்போது காத்திருக்க வேண்டும்?

ஐந்து வயதுக் குழந்தைகளுக்குப் பாடம் எடுக்கும் ஓர் ஆசிரியை கேட்டிருக்கும் கேள்வி இது: "நீங்கள் சொல்லிக் கொடுக்காதீர்கள், குழந்தைகளே கேள்வி கேட்டுக் கண்டுபிடிக்கட்டும் என்று பயிற்சியில் சொல்கிறார்கள். பொருள்களைப் பரப்பி வைத்தால் பத்து நிமிடம் விளையாடிவிட்டு எழுந்து போய்விடுகிறார்கள். என்ன தெரிந்துகொள்ள ஆசை என்று கேட்டால் யாரும் வாய் திறப்பதில்லை. விடையை நான் சொல்லவே கூடாதா? இந்த வயதில் இது உண்மையிலேயே பலன் தருமா?"

பலன் தரும். ஆனால் பயிற்சியில் உங்களுக்குச் சொல்லப்பட்டது பாதிதான். விடுபட்ட மறுபாதியில்தான் ஆசிரியரின் வேலையே இருக்கிறது. இந்த முறைக்கு 'விசாரணை அடிப்படையிலான கற்றல்' என்றொரு பெயர் புழங்குகிறது. அதைக் கேட்டால் குழந்தையைக் கூண்டில் ஏற்றி நிறுத்துவதுபோல் இருப்பதால், நான் 'தேடிக் கற்றல்' என்றே சொல்லி வருகிறேன். தேடுவது குழந்தைதான், ஆனால் தேடினால் கிடைக்கக்கூடிய இடத்தில் பொருளை வைப்பதும், சலித்து எழப்போகும் நேரம் பார்த்துப் பக்கத்தில் போய் உட்காருவதும் ஆசிரியரின் பொறுப்பு.

இதை விளக்க, ஏறக்குறைய நூறாண்டு பழைய ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன். 1924 முதல் 1927 வரை இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில் மால்ட்டிங் ஹவுஸ் என்ற சிறிய பள்ளிக்குத் தலைமையேற்றிருந்த சூசன் ஐசக்ஸ், குழந்தைகள் பேசியதையும் செய்ததையும் விடாமல் குறித்து வைத்தவர். அங்கே முயல் ஒன்று இறந்துபோனது. குழந்தைகள் அதைப் புதைத்தார்கள். முயல் மண்ணுக்குள்ளேயே இருக்கிறதா, வானத்துக்குப் போய்விட்டதா என்று பின்னர் அவர்களுக்குள் பேச்சு எழுந்தது. தோண்டத் தொடங்கினார்கள், அலுத்துப்போய் வேறு விளையாட்டுக்கு ஓடினார்கள், திரும்பி வந்து மறுபடியும் தோண்டினார்கள். அப்போது ஒரு சிறுவன், அது வானத்துக்குப் போய்விட்டது, இனித் தோண்ட வேண்டாம் என்று நிறுத்திவிட்டான். ஐசக்ஸ் அவனைத் திருத்தவில்லை. இருக்கிறதா என்று பார்ப்போமா என்று கேட்டுவிட்டுத் தாமும் சேர்ந்து தோண்டினார். முயல் அங்கேயே இருந்தது.

முயல் எங்கும் போகாது என்று அவர் முதலிலேயே சொல்லியிருந்தால் தோண்டுவதற்கே தேவை இருந்திருக்காது; ஒன்றுமே சொல்லாமல் ஓரமாக நின்றிருந்தால் அன்றைய தேடல் ஒரு தவறான முடிவோடு ஓய்ந்திருக்கும். இந்த இரண்டுக்கும் நடுவே இருக்கும் ஒடுக்கமான இடத்தில், ஒரே ஒரு வாக்கியத்தோடும் மண் ஒட்டிய கையோடும் அவர் நின்றார். உங்கள் குழந்தைகள் பத்து நிமிடத்தில் எழுந்து போவது முறையின் தோல்வியும் அல்ல, அவர்களின் தோல்வியும் அல்ல. ஐசக்ஸின் குழந்தைகளும் எழுந்துதான் போனார்கள்.

குழந்தைகள் வாய் திறப்பதில்லை என்பதற்கு வருகிறேன். பிரிட்டனில் பார்பரா டிசார்டும் மார்ட்டின் ஹியூஸும் நான்கு வயதை ஒட்டிய 30 சிறுமிகளின் பேச்சை, வீட்டில் தாயோடும் மழலையர் பள்ளியில் ஆசிரியரோடும் ஒலிப்பதிவு செய்து ஒப்பிட்டார்கள். 1984இல் வெளியான அந்த ஆய்வில், வீட்டில் மணிக்குச் சராசரியாக 26 கேள்விகள் கேட்ட அதே சிறுமிகள் பள்ளியில் மணிக்கு 2 கேள்விகளே கேட்டிருந்தார்கள். கேள்வி வற்றிப்போன குழந்தை என்று எதுவும் இல்லை; கேள்வி வற்றும் இடங்கள்தான் இருக்கின்றன. வீட்டில் ஏதோ ஒரு வேலை நடந்துகொண்டே இருக்கிறது, குழந்தை அதன் நடுவில் நிற்கிறது, கேட்பதற்குக் காரணம் கண்ணெதிரே கிடக்கிறது. பள்ளியில் கேள்வி கேட்பவர் பெரும்பாலும் பெரியவர்; அதுவும் விடையை ஏற்கெனவே கையில் வைத்துக்கொண்டு கேட்பவர். இரண்டே வாரத்தில் குழந்தை இதைப் புரிந்துகொண்டு, அவர் எதிர்பார்க்கும் விடை எது என்று முகத்தைப் பார்த்துத் துழாவத் தொடங்கிவிடுகிறது.

ஆகவே 'என்ன தெரிந்துகொள்ள ஆசை' என்று வட்டமாக உட்காரவைத்துக் கேட்பதை விட்டுவிடுங்கள். பெரியவர்களே திணறும் கேள்வி அது. ஐந்து வயதுக் குழந்தையின் கேள்வி பல நேரங்களில் சொல்லாக வருவதில்லை, கையாக வருகிறது. ஓட்டை உள்ள குவளையில் ஒரு சிறுவன் ஏழாவது முறையாகத் தண்ணீர் ஊற்றி, ஓட்டையை விரலால் அடைத்து, எடுத்து, மறுபடி அடைக்கிறான் என்றால் அவன் ஏழு முறை கேள்வி கேட்டுவிட்டான். 'விரலை எடுத்ததும் என்ன ஆகிறது என்று பார்க்கிறாயா? மேலே இன்னோர் ஓட்டை போட்டால் எதிலிருந்து தண்ணீர் தூரமாகப் பாயும்?' என்று அந்தக் கேள்விக்கு நாம் வாய் கொடுக்கலாம். இப்படி ஒரு மாதம் கேட்டுக் கேட்டுப் பழகிய பிறகு, வாக்கியமாகவே கேள்விகள் வரத் தொடங்கும்.

அமெரிக்காவில் அறிவியல் வகுப்புகளை ஆராய்ந்த மேரி பட் ரோ, 1970களில் எளிய ஒன்றைக் கவனித்துச் சொன்னார். ஆசிரியர் கேள்வி கேட்டுவிட்டு விடைக்காகக் காத்திருக்கும் நேரம் சராசரியாக ஒரு விநாடிதான். அதை மூன்று விநாடியாக நீட்டினாலே பதில்கள் நீளமாகின்றன, வழக்கமாகப் பேசாத குழந்தைகள் பேசுகிறார்கள், குழந்தைகளே கேட்கும் கேள்விகளும் கூடுகின்றன. அவர் சுட்டிய இன்னோர் இடைவெளியைப் பலரும் மறந்துவிடுகிறார்கள்: குழந்தை பதில் சொல்லி முடித்த பிறகும் மூன்று விநாடி பொறுக்க வேண்டும். 'சபாஷ்' என்று நாம் பாய்ந்து விழும் அந்த நொடியில்தான் குழந்தை 'ஏன்னா...' என்று தொடங்கவிருந்தது. முதல் சில நாள்கள் இந்த மௌனம் தாங்க முடியாததாக இருக்கும். நான் மேசைக்கு அடியில் விரல்விட்டு எண்ணிப் பழகினேன்.

எல்லாக் கேள்வியும் தேடுவதற்கு உரியது அல்ல என்பதை இந்த முறையைப் பரப்புகிறவர்கள் போதிய அழுத்தத்தோடு சொல்வதில்லை என்பது என் எண்ணம். ஓர் எழுத்தின் பெயரை எந்தக் குழந்தையும் தோண்டிக் கண்டுபிடிக்க முடியாது. அது மனிதர்கள் தமக்குள் வைத்துக்கொண்ட வழக்கம், சொன்னால்தான் தெரியும். பொருள்களின் பெயர், எண்களின் வரிசை, கத்தரிக்கோலைப் பிடிக்கும் விதம், எது சுடும், எதை வாயில் வைக்கக் கூடாது என்பவை எல்லாம் நேராகச் சொல்லித் தர வேண்டியவை. 'இதை என்னவென்று அழைப்பார்கள், நீயே யோசித்துப் பார்' என்று குழந்தையைச் சுற்றவிடுவது கற்பித்தல் அல்ல, அலைக்கழித்தல். வேறு சில கேள்விகளுக்கு விடை உலகத்தில் இருந்தாலும் குழந்தையின் கைக்கு எட்டுவதில்லை. வானம் ஏன் நீலம் என்பது அப்படிப்பட்டது. தேடிக் கற்றலுக்கு உரியது, கண்ணும் கையும் கொஞ்சம் பொறுமையும் இருந்தால் விடை கிடைத்துவிடும் கேள்வி மட்டுமே.

நல்லவேளையாக, எட்டாத கேள்வியை எட்டும் கேள்வியாகத் திருப்ப முடியும். அறிவியல் கல்வியாளர் ஜோஸ் எல்ஸ்ட்கீஸ்ட் 1980களில் இதைத் தெளிவாக எழுதினார்: குழந்தையைச் செயலுக்குத் தள்ளும் கேள்விகள் 'எது', 'எத்தனை', 'எப்படி வேறுபடுகிறது', 'இப்படிச் செய்தால் என்ன ஆகும்' என்ற வடிவில் இருக்கும், 'ஏன்' என்பதை அவசரப்பட்டுக் கேட்டால், மனப்பாடமான விடையை எதிர்பார்க்கும் தேர்வாகவே அது குழந்தையின் காதில் விழும். நிழல் ஏன் விழுகிறது என்பதில் குழந்தை மாட்டிக்கொள்ளும். உன் நிழலை மிதிக்காமல் ஓட முடியுமா, காலையில் சுண்ணக்கட்டியால் வரைந்த நிழலுக்குள் நண்பகலில் உன்னால் அடங்க முடியுமா என்றால் வகுப்பே எழுந்து வெளியே ஓடும்.

நான் பலமுறை செய்து பார்த்த ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். ஒரே அச்சில் உறைந்த இரண்டு பனிக்கட்டிகள், இரண்டு சிறிய பாலித்தீன் உறைகள், ஒரே மாதிரியான இரண்டு தட்டுகள், ஒரு கம்பளித் துண்டு. வேறு எதுவும் வேண்டாம். பனிக்கட்டிகளை உறையில் போட்டுக் கட்டி, ஒன்றைத் தட்டில் அப்படியே வைத்து, மற்றதைக் கம்பளியால் நன்றாகச் சுற்றி வைப்போம். குளிர்ந்தால் நாம் கம்பளி போர்த்திக்கொள்கிறோமே, பனிக்கட்டிக்குப் போர்த்திவிட்டால் எது முதலில் உருகும்? ஏறத்தாழ எல்லாக் குழந்தைகளும் போர்த்தியதுதான் முதலில் உருகும் என்பார்கள், கம்பளி சூடு என்பது காரணம். உதவிக்கு வந்து நிற்கும் பெரியவர்களில் சிலரும் மனத்துக்குள் அதையே நினைப்பார்கள் என்பது முகத்தில் தெரியும். ஒவ்வொரு குழந்தையும் தன் பெயர் அட்டையைத் தான் நினைக்கும் தட்டின் பக்கம் வைக்க வேண்டும். இதைத் தவிர்த்துவிடாதீர்கள். கணித்துச் சொல்லாத குழந்தைக்கு முடிவு வெறும் தகவல். கணித்துச் சொன்ன குழந்தைக்கு அது தன் விவகாரம்.

ஒருமுறை ஒரு சிறுவன், தன் கட்சி ஜெயிக்க வேண்டும் என்று, போர்த்திய கட்டியைத் தூக்கிப்போய் வெயிலில் வைத்துவிட்டான். நான் வாய் திறப்பதற்குள் நான்கு பேர் 'அது நியாயம் இல்லை' என்று கத்தினார்கள். ஒரு காரணியை மட்டும் மாற்றி மற்றவற்றை ஒன்றுபோல் வைத்திருக்க வேண்டும் என்ற சோதனை விதியை இந்த வயதுக்கு விளக்கப் புகுந்தால் தலை வலிக்கும். ஆனால் பங்கு பிரிக்கும்போது ஒரு துளி கூடிவிட்டாலும் கண்டுபிடித்துவிடும் இந்த நீதிபதிகளுக்கு 'நியாயம்' என்ற சொல் நன்றாகத் தெரியும். இரண்டு கட்டியும் ஒரே அளவா, ஒரே மாதிரித் தட்டா, ஒரே இடமா என்று அவர்களே சரிபார்த்தார்கள். அறிவியல் முறையில் அன்று அவர்கள் கற்றது அதுதான். பனிக்கட்டியைப் பற்றிக் கற்றது அதற்கு அடுத்தபடிதான்.

பிறகு எல்லாரும் வேறு வேலைக்குப் போவார்கள். பனிக்கட்டியைச் சுற்றி உட்கார்ந்திருக்கச் சொன்னால் பத்து நிமிடச் சிக்கல் மறுபடியும் வரும். அரை மணி கழித்துப் பிரித்து, உறையில் சேர்ந்த தண்ணீரை ஒரே அளவான இரண்டு குவளைகளில் ஊற்றிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், எதில் அதிகம் என்பதை அளவுகோல் இல்லாமலே எல்லாரும் பார்க்கலாம். போர்த்தியதுதான் குறைவாக உருகியிருக்கும். அந்த நேரத்தில் நிலவும் அமைதியை நான் மிகவும் மதிக்கிறேன்; தொடக்க காலத்தில் அதைக் கெடுத்திருக்கிறேன். முதன்முதலாக இதைச் செய்தபோது துணியைப் பிரித்த கையோடு, பார்த்தீர்களா, கம்பளி வெப்பத்தை எளிதில் கடத்தாது என்று பெருமையாகச் சொல்லிவிட்டேன். ஒரு வாரம் கழித்துக் கேட்டால், கம்பளி சூடு, அது வெப்பத்தைக் கடத்தாது என்று இரண்டையும் ஒரே மூச்சில் ஒப்பித்தார்கள். பழைய நம்பிக்கை அசையவே இல்லை. அதன் மேல் என் வாக்கியம் ஒட்டிக்கொண்டிருந்தது.

பின்னொரு முறை வாயை மூடிக்கொண்டிருந்தபோது, ஒரு சிறுமி அழுத்தமாகச் சொன்னாள்: "இந்தக் கம்பளி கெட்டுப்போச்சு." மறுநாள் வேறொரு கம்பளியால் செய்தோம்; அதுவும் 'கெட்டுப்போயிருந்தது'. மூன்றாம் நாள் இன்னொருவன், "கம்பளி குளிரை வெளியே விடலை" என்றான். இயற்பியல்படி குளிர் என்பது வெளியே போகும் பொருள் அல்ல, வெளியிலிருந்து வெப்பம்தான் உள்ளே வருகிறது என்று உங்களுக்குக் கை துறுதுறுக்கும். நான் விட்டுவிட்டேன். அடுத்த வாரம் வெதுவெதுப்பான தண்ணீரை இரண்டு புட்டிகளில் ஊற்றி, ஒன்றை மட்டும் போர்த்தி வைத்துத் தொட்டுப் பார்த்தோம். போர்த்திய புட்டியில்தான் சூடு தங்கியிருந்தது. குளிரையும் வைத்துக்கொள்கிறது, சூட்டையும் வைத்துக்கொள்கிறது. ஆக, உள்ளே என்ன இருக்கிறதோ அதை அப்படியே வைத்திருக்கும் வேலையைத்தான் கம்பளி செய்கிறது என்ற இடத்துக்கு வகுப்பில் பாதிப்பேர் வந்து சேர்ந்தார்கள். ஐந்து வயதுக்கு அது போதும். வெப்பம் எந்தத் திசையில் பாய்கிறது என்பதை உயர்வகுப்பு ஆசிரியர் பார்த்துக்கொள்வார். அவர் சொல்லும்போது அது வந்து உட்கார ஓர் இடம் அந்தத் தலைக்குள் இருக்கும்.

'கெட்டுப்போன கம்பளி' என்பதைப் பிடிவாதம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனெட் கார்மிலாஃப்-ஸ்மித்தும் பெர்பெல் இன்ஹெல்டரும் 1974இல் எழுதிய ஆய்வொன்று இதை அழகாகக் காட்டுகிறது. ஒடுக்கமான ஓர் உலோகப் பட்டையின் மேல் கட்டைகளைச் சாயாமல் நிறுத்தும்படி குழந்தைகளிடம் கேட்டார்கள். சில கட்டைகளின் ஒரு முனையில் மட்டும் வெளியே தெரியாமல் எடை மறைத்து வைக்கப்பட்டிருந்தது. நான்கைந்து வயதுக் குழந்தைகள் கையால் உணர்ந்து அங்கும் இங்கும் நகர்த்தி நிறுத்திவிட்டார்கள். ஆறேழு வயதினரோ கட்டையின் நட்டநடுவைத்தான் பட்டையின் மேல் வைத்தார்கள், அது விழுந்தது, மறுபடியும் நடுவையே வைத்தார்கள், கடைசியில் இது நிற்காது என்று ஒதுக்கினார்கள். எட்டு, ஒன்பது வயதில் மறுபடியும் சரியாக வந்தது. நடுவில் உள்ளவர்கள் பின்தங்கியவர்கள் அல்லர். 'நடுவில் வைத்தால் நிற்கும்' என்ற கொள்கை ஒன்று அவர்களுக்கு உருவாகிவிட்டது. அதற்கு ஒத்துவராத கட்டையைக் குறை சொல்லும் அளவுக்கு அது உறுதியாகவும் இருந்தது. ஆகவே, சரியாகச் செய்துவிட்ட குழந்தைக்குப் புரிந்துவிட்டது என்றோ, தவறாகச் செய்யும் குழந்தைக்கு ஒன்றும் தெரியவில்லை என்றோ முடிவு கட்ட முடியாது. என்ன நினைத்து அப்படிச் செய்தாய் என்று கேட்டால்தான் தெரியும்.

இது பலன் தருமா என்ற கேள்விக்கு ஆய்வுலகின் பதில் பூசலோடுதான் வருகிறது. 2006இல் கிர்ஷ்னர், ஸ்வெல்லர், கிளார்க் ஆகிய மூவரும், வழிகாட்டல் குறைந்த கற்பித்தல் தோற்றுவிட்டது என்று கடுமையாக எழுதினார்கள். புதிதாகக் கற்பவரின் நினைவாற்றல் அத்தனை சுமையைத் தாங்காது என்பது அவர்களின் வாதம். 2011இல் ஆல்ஃபியரியும் அவரது குழுவினரும் 164 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, துணையில்லாமல் தானே கண்டுபிடிக்கவிட்டால் நேரடியாகச் சொல்லித் தருவதைவிடக் குறைவாகவே கற்கிறார்கள் என்றும், ஆசிரியரின் தூண்டுதலும் பின்னூட்டமும் சேர்ந்த தேடலில் மற்ற முறைகளைவிட நன்றாகக் கற்கிறார்கள் என்றும் தெரிந்தது. உங்கள் பயிற்சியில் விடுபட்ட மறுபாதி என்று நான் முதலில் சொன்னது இதைத்தான்.

ஆனால் சொல்லித் தருவதற்கும் ஒரு விலை உண்டு. அதே 2011இல் எலிசபெத் போனவிட்ஸும் அவரது குழுவினரும் பள்ளி வயதை எட்டாத குழந்தைகளிடம் ஒரு பொம்மையைக் கொடுத்துப் பார்த்தார்கள். அதில் ஒரு குழாயை இழுத்தால் கீச்சென்று ஒலி வரும். அதைத் தவிர விளக்கு, இசை, மறைந்திருக்கும் கண்ணாடி என்று வேறு வித்தைகளும் இருந்தன. 'பாருங்கள், இது இப்படித்தான்' என்று ஆசிரியர் தோரணையில் ஒலியை மட்டும் காட்டித் தந்தபோது, பார்த்த குழந்தைகள் அதையே செய்துகொண்டிருந்தார்கள், குறைவான நேரமே விளையாடினார்கள். வேறு சில குழந்தைகளிடம் அந்த ஒலி தற்செயலாக வந்ததுபோல் நடித்துக் கொடுத்தபோது, அவர்கள் மற்ற வித்தைகளையும் தேடிக் கண்டுபிடித்தார்கள். குழந்தைகளின் கணக்கு பிழையற்றது: விவரம் தெரிந்தவர் ஒன்றைத்தான் காட்டினார் என்றால் அதற்கு மேல் ஒன்றும் இல்லை. எனவே புதுப்பொருளை அறிமுகப்படுத்தும்போது வழி காட்டும் சொல்லைப் பின்னுக்குத் தள்ளுங்கள். முதலில் கை துழாவட்டும், தேவையான கருவியின் பெயரும் பிடிக்கும் விதமும் அதற்குப் பின் வரட்டும்.

நடைமுறையில், வகுப்பு முழுவதற்கும் ஒரே நேரத்தில் இதைச் செய்ய முயலாதீர்கள். ஐந்தாறு பேரை ஒரு மேசையில் வைத்துக்கொண்டு, மற்றவர்களுக்குத் தாமே செய்யத் தெரிந்த வேலையைக் கொடுங்கள். நாளுக்கு ஒரு குழு என்றால் வாரத்தில் எல்லாருக்கும் முறை வந்துவிடும். எழுதத் தெரியாதவர்கள் வரையட்டும்; படத்தின் கீழே அவர்கள் சொன்னதைச் சொன்னபடியே, பிழையைத் திருத்தாமல், தேதியோடு எழுதி வையுங்கள். மதிப்பெண் தாளில் அகப்படாத முன்னேற்றம் அந்தத் தாள்களில்தான் அகப்படும். அந்தச் சிறுமியின் தாளில் நான் எழுதிய 'இந்தக் கம்பளி கெட்டுப்போச்சு' சுவரில் மூன்று வாரம் தொங்கியது. வெந்நீர்ப் புட்டி நடந்த அன்று மாலை அவளாகவே வந்து, அதன் கீழே இன்னொரு வரி எழுதித் தரச் சொன்னாள்: "கெட்டுப்போகலை. அதுக்கு வேற வேலை."